வாளுக்கு ஒரு பட்ஜெட்

பழைய வாள் சேகரிப்பு கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. மாதச் சம்பளக்காரரும் இறங்கலாம். ஆனால் இரும்புக்குச் செலவழிக்கும் முன் காகிதத்துக்குச் செலவழிக்க வேண்டும்.

லண்டனில் 2003 செப்டம்பரில் நடந்த ஏலம் ஒன்றில் திப்பு சுல்தானின் வாள் 1.75 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. வாங்கியவர் யார் என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. கர்நாடகம் தேர்தல் பரபரப்பில் இருந்த 2004 ஏப்ரலில், பெங்களூரின் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா அந்த வாளை வெளியில் காட்டினார். மைசூர்ப் புலியின் வாள் தாயகம் திரும்பிவிட்டது என்று செய்தி பரவியது. விலை ஒன்றரைக் கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. 1990-இல் தூர்தர்ஷனில் திப்பு தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய விஷயம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வாள் மல்லையாவிடம் இல்லை. 2016-இல் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாகவும், வாளால் வீட்டுக்கு நல்லதில்லை என்று குடும்பத்தார் கருதியதே காரணம் என்றும் 2018 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றத்தில் தெரியவந்தது.

ராசியின் மீது பழிபோடுவது சுலபம். ஆனால் பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ராசி அல்ல, கணக்கு. எவ்வளவு கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கிறோம், வாங்கிய பிறகு என்ன செலவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இறங்கியவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சில சமயம் வாளையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒரே பெயர், பல விலை

திப்புவின் பெயரில் வந்த வாள்கள் எப்படி விலைபோயின என்று பார்த்தாலே இந்தச் சந்தையின் போக்கு புரியும்.

• 2015 ஏப்ரல்: ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் சேர்த்த திப்பு ஆயுதங்களை லண்டனின் போனாம்ஸ் நிறுவனம் ஏலம் விட்டது. 30 பொருள்களும் சேர்ந்து சுமார் 60 லட்சம் பவுண்டு. புலித்தலைப் பிடியும் பதித்த கற்களும் கொண்ட ஒரு வாள் மட்டும் 21.5 லட்சம் பவுண்டு.

• 2019 மார்ச்: இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்த பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. தங்க வேலைப்பாடு கொண்ட வாள் 18,500 பவுண்டு.

• 2023 மே: திப்புவின் படுக்கையறை வாள் என்று அறியப்படும் வாளுக்கு போனாம்ஸ் மதிப்பிட்டது 15 முதல் 20 லட்சம் பவுண்டு. விலைபோனது 1 கோடியே 40 லட்சம் பவுண்டு. ஏறத்தாழ 140 கோடி ரூபாய்.

• 2023 அக்டோபர்: கார்ன்வாலிஸ் குடும்பத்தின் வழியே வந்த ஒரு திப்பு வாளை கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வைத்தது. மதிப்பீடு இதற்கும் 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான். வாங்க ஆளில்லை.

• 2024 நவம்பர்: ஸ்ரீரங்கப்பட்டணப் போரோடு தொடர்புள்ள ஒரு வாள் போனாம்ஸில் 3.17 லட்சம் பவுண்டு.

ஒரே மன்னரின் பெயர். ஒரு வாளுக்கு 18,500, இன்னொன்றுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டை நெருங்கும் விலை. அதே ஆண்டில் அதே மதிப்பீட்டோடு வந்த இன்னொரு வாளைச் சீந்துவாரில்லை. ஆகவே ஓர் ஏலத்தின் விலையை வைத்து அடுத்த வாளுக்கு விலை போடுவது ஆபத்து. "திப்பு வாள் 140 கோடிக்குப் போயிற்று, என்னிடம் இருப்பது அதே காலத்தது" என்று ஒரு வியாபாரி பேச்சைத் தொடங்கினால், கேட்பவர் பர்ஸை மூடிவிடுவது நல்லது.

விலை இரும்புக்கா, கதைக்கா?

படுக்கையறை வாளுக்கு அந்த விலை கிடைத்ததற்கு அதன் தங்க எழுத்துகள் மட்டும் காரணமல்ல. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்த பிறகு, தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்திய டேவிட் பேர்டுக்கு அது பரிசாகத் தரப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது போனது என்ற இந்தத் தொடர்ச்சியைத்தான் சேகரிப்பாளர்கள் "புரோவனன்ஸ்" என்கிறார்கள். தமிழில் பூர்விகச் சான்று என்று சொல்லலாம். நம் ஊரில் நிலம் வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதைப் போன்றது. அது இல்லாத வாளுக்கு அலகும் பிடியும் மட்டுமே மதிப்பு.

அலகுக்கும் பிடிக்கும் கூட மதிப்பு உண்டு. தென்னிந்திய வாள்களின் பெருமையே எஃகுதான். கன்னடத்தின் "உக்கு" என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் "வூட்ஸ்" பிறந்தது என்பது பரவலான கருத்து. தமிழின் "உருக்கு" அதற்கு உறவு. மூசையில் இரும்பைக் கரிப்பொருளோடு உருக்கி எடுக்கும் இந்த எஃகை, 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் விவரித்திருக்கிறார். லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தார். பெங்களூரிலேயே, தேசிய உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசனும் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதனும் வூட்ஸ் எஃகு பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள்.

வூட்ஸ் அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் தெரியும். ஏமாற்று வேலை தொடங்குவதும் அங்கேதான். சாதாரண எஃகின் மேல் அமிலத்தால் அதே போன்ற வரிகளை வரவழைக்க முடியும். பழைய அலகுக்குப் புதிய பிடி பொருத்துவது இன்னொரு வகை. தங்க, வெள்ளிக் கம்பிகளை இரும்பில் பதிக்கும் கோஃப்த்காரி வேலையை உதய்பூர் கைவினைஞர்கள் இன்றும் அழகாகச் செய்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்கும்வரை அது நேர்மையான கைத்தொழில். முந்நூறு வருடம் பழையது என்று சொல்லி விற்றால் மோசடி.

இந்த வித்தியாசங்களைக் கண் பழகிக்கொள்ளப் பெரிய செலவில்லை. மைசூர் அரண்மனையின் ஆயுதசாலை, சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் உண்மையான பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. நூறு நல்ல வாள்களைப் பார்த்தவரை ஏமாற்றுவது கடினம்.

மாதம் 10,000 ரூபாய்

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் இந்தப் பொழுதுபோக்குக்கு மாதம் 10,000 ரூபாய் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பீடு, சேமிப்பு எல்லாம் போக மிஞ்சிய பணமாக அது இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வருடத்துக்கு 1.2 லட்சம். அதை இப்படிப் பிரிக்கலாம்:

• புத்தகங்கள், ஏலப் பட்டியல்கள், அருங்காட்சியகப் பயணம்: ரூ. 20,000

• பூட்டுள்ள அலமாரி, எண்ணெய், மெழுகு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்: ரூ. 25,000

• எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பு: ரூ. 15,000

• வாள், அதை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு: ரூ. 60,000

முதல் ஆறு மாதம் எதையும் வாங்கக் கூடாது. அதற்குள் ஆசை தணிந்தால் பணம் மிச்சம். தணியவில்லை என்றால் கண் பழகியிருக்கும். முதல் வாளுக்குக் கிரெடிட் கார்டையோ தவணைக் கடனையோ தொடவே கூடாது. வாளை முதலீடு என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்குவதும் கூடாது. விற்கும்போது ஏல நிறுவனம் விற்பவரிடமும் கமிஷன் எடுக்கும். வாங்குபவர் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில் சுவரில் தொங்கும் வாள் ரொக்கமாகாது.

சிறிய தொகைக்கு என்ன கிடைக்கும் என்ற சந்தேகம் வரும். பொறிப்போ பெயரோ இல்லாத 19-ஆம் நூற்றாண்டுத் தல்வார்கள் லண்டன் ஏலங்களில் சில நூறு பவுண்டுக்கே போகின்றன. அவையும் அசல்தான். சாதாரணச் சிப்பாய் இடுப்பில் கட்டியவை.

சுத்தியல் தட்டிய பிறகு

ஆனால் சில நூறு பவுண்டு என்பது பாதி உண்மை. ஏலத்தில் ஒரு தல்வார் 400 பவுண்டுக்கு முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 100 பவுண்டு. அந்தக் கமிஷன் மீது பிரிட்டிஷ் வரி 20 சதவீதம், அது 20 பவுண்டு. பேக்கிங், அனுப்பும் செலவு 60 பவுண்டு என்று கொண்டால் மொத்தம் 580. பவுண்டுக்கு 115 ரூபாய் வீதம் கணக்கிட்டால், 46,000 ரூபாய் என்று நினைத்தது 66,700 ஆகிவிடுகிறது. இந்தியச் சுங்கவரி இன்னும் சேரவில்லை. மேலே சொன்ன 60,000 ரூபாய் பட்ஜெட் இங்கேயே உடைகிறது. ஆகவே உச்சவரம்பை ஏலத் தொகைக்கு வைக்காமல், வாள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் தொகைக்கு வைக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இதே கணக்குத்தான். நாக்பூர் மன்னர் ரகூஜி போன்ஸ்லேயின் வாளை 2025 ஏப்ரலில் லண்டன் ஏலத்தில் மகாராஷ்டிர அரசு எடுத்தபோது, போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன செலவு சுமார் 47 லட்சம் ரூபாய்.

சட்டமும் ஒரு செலவுதான். ஆயுதச் சட்டம், 1959-இன் 10-வது பிரிவின்படி ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள ஆயுதங்களையும் தனி வகையாக வைத்திருக்கின்றன. உள்நாட்டில் இவற்றை வைத்திருக்க எந்தப் பகுதியில் உரிமம் தேவை என்பதை மத்திய அரசின் அறிவிக்கை தீர்மானிக்கிறது. நூறு வயது கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதை விற்கும் தொழில் செய்பவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது, இந்தியாவுக்குள் வந்த பழைய வாளை நாளை லண்டன் விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு பலிக்காது. ஏலத்தில் கையைத் தூக்குவதற்கு முன் ஒரு சுங்க ஏஜென்டிடமும் உள்ளூர் போலீஸிடமும் கேட்டுவிடுவது, பிறகு வக்கீலைத் தேடுவதைவிட மலிவு.

துருவுக்கு விடுமுறை இல்லை

பெங்களூரின் காற்று சென்னையைப் போல உப்புக் காற்று அல்ல. ஆனாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை ஈரம் வாளை விடாது. தோல் உறை அழகானது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே வாளை உறையில் போட்டே வைத்திருக்கக் கூடாது. கை வியர்வையின் உப்பு அலகில் விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும். பருத்திக் கையுறை சில பத்து ரூபாய்தான். மெல்லிய மினரல் எண்ணெயை மாதம் ஒருமுறை துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.

புளி, உப்புத்தாள், பாலிஷ் கல் மூன்றும் கூடவே கூடாது. பளபளப்பாக்கும் ஆசையில் பழைய அலகின் வரிகளையும் எழுத்துகளையும் தேய்த்துவிட்டால், வாள் தன் வயதுக்கான சாட்சியை இழக்கிறது. விலையும் கூடவே போகிறது. ஆயுத பூஜை அன்று மைசூர் அரண்மனையில் பட்டத்துக் கத்திக்குப் பூஜை நடக்கிறது. வீட்டிலும் வாளுக்குப் பொட்டு வைக்கலாம், தப்பில்லை. ஆனால் குழைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் மறுநாள்வரை அலகிலேயே விடாமல், அன்றே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும்.

வீட்டிலேயே இருக்கலாம்

செலவே இல்லாத சேகரிப்பும் ஒன்று உண்டு. பெங்களூரில் குடியேறிய பல குடகுக் குடும்பங்களில் தாத்தாவின் அகன்ற ஒடிக்கத்தியும், கல்யாணத்தில் இடுப்பில் செருகும் பீச்சேகத்தியும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் பழைய வீடுகளில் பரண் மேல் ஒரு வாள் துணியில் சுற்றிக் கிடப்பதுண்டு. அதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம்தான். யாருடையது, எப்படி வந்தது, யார் சொன்னது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூர் உதாரணம். 1855-இல் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி இறந்த பின் அரண்மனை ஆயுதசாலையை பிரிட்டிஷார் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. எழும்பூரில் இன்று நாம் பார்ப்பவை, யாரோ ஒருவர் இது வைத்திருக்கத் தகுந்தது என்று பட்டியலில் குறித்ததால் தப்பியவை.

வாங்கிய வாளுக்கும் அதுவே பொருந்தும். ரசீது, ஏலப் பட்டியலின் பக்கம், விற்றவரின் கடிதம், சுங்க ஆவணம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஆசையோடு இருபது வருடம் சேர்த்ததை அடுத்த தலைமுறை எடைக்குத்தான் போடும்.