சூரியப் புயலும் வழிகாட்டும் கருவியும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் அது மக்காச்சோளம் விதைக்கும் பருவம். அங்குள்ள உழவர் பலர், செயற்கைக்கோள் வழிகாட்ட நேர்கோட்டில் தானே ஓடும் டிராக்டரைக் கொண்டு விதைப்பவர்கள். அன்று அக்கருவிகள் தடுமாறின. விதை வரிசைகள் கோணிவிடும் என்றஞ்சிப் பலர் வேலையை நிறுத்திக் காத்திருந்தனர். கருவிகளில் பழுது ஏதும் இல்லை. தடுமாற்றத்திற்குக் காரணம் சூரியன்.

சூரியனின் கொந்தளிப்பு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சமடையும். அக்காலத்தில் மின்னூட்டத் துகள்களின் பெருந்திரள்கள் அதிலிருந்து அடிக்கடி வெடித்துக் கிளம்பும். அவை புவியை நோக்கி வந்தால், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களில் வந்தடையும். அவற்றால் புவியின் காந்தப்புலம் குலைவதையே புவிகாந்தப் புயல் என்கிறோம். மே 10ஆம் நாள் இரவு லடாக்கின் ஹன்லே வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததும் இப்புயலால்தான்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை நம்மை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தூரம் 300 மீட்டர் பிழைக்கும். சமிக்ஞை கடந்துவரும் அயனி மண்டலம் புயலின்போது கலங்கிவிடுகிறது. அதனால் சமிக்ஞை தாமதிக்கிறது. சிலவேளை விண்மீன் போல மினுமினுத்து, கருவியின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறது.

புவிகாந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையில், திருநெல்வேலிக்கு அருகே செல்கிறது. இக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் புயல் இல்லாத நாளிலும், சூரியன் மறைந்தபின் இம்மினுமினுப்பு நேர்வதுண்டு. எனவே இச்சிக்கல் நமக்கும் உரியதே.

இதனை எவ்வாறு எதிர்கொள்வது? தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை அயனி மண்டலத்தில் மிகுதியாகத் தாமதிக்கும். ஆகவே இரண்டு அதிர்வெண்களில் சமிக்ஞை பெறும் கருவி, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழையைத் தானே நீக்கிக்கொள்ளும். ஜி.பி.எஸ்., நாவிக், கலிலியோ எனப் பல அமைப்புகளின் சமிக்ஞைகளையும் பெறும் கருவிக்கு, ஒன்று நழுவினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து 'ககன்' என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளன. இருப்பிடம் துல்லியமாக அறியப்பட்ட தரை நிலையங்கள் பிழையை அளக்கின்றன. அதற்கான திருத்தம் செயற்கைக்கோள் வழியே விமானத்திற்குச் செல்கிறது. பிழை அளவு மீறினால், நம்பவேண்டா என்னும் எச்சரிக்கையும் செல்கிறது.

2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனை இடையறாது கவனித்து வருகிறது. புயல் வருமுன் அறிந்தால், நுட்பமான நில அளவையையும் விதைப்பையும் ஓரிரு நாள் தள்ளிவைக்கலாம்.

கருவி நமக்குத் துணை. ஆயினும் அதுவே முழுக்கண் ஆகாது. நிலப்படத்தைப் படிக்கவும் திசையை அறியவும் கற்றவர், திரை தடுமாறும் நாளிலும் வழி தவறமாட்டார்.