முதுகு இறுகும் வாதமும் கோதுமை விலக்கும்

தோட்டத்தில் முதுகுவலி இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். பால்மரத்தடியில் குனிந்து குனிந்து வெட்டியவருக்கும், செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றியவருக்கும் இடுப்பு வலிப்பது இயல்புதான். அந்த வலி ஓய்வெடுத்தால் தணியும். ஞாயிற்றுக்கிழமை படுத்து எழுந்தால் திங்கட்கிழமை பிரட்டுக்குப் போக உடம்பு இடம் கொடுக்கும். ஆனால் இன்னொரு வகை வலியும் உண்டு. அது படுத்திருந்தால் கூடும், நடமாடினால் குறையும். இன்று நாம் பேசப்போவது அந்த இரண்டாவது வலியைப் பற்றித்தான்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பில் அழற்சி உண்டாகி, நாளடைவில் அதை இறுகச் செய்யும் வாதம் என்று நாம் பொருள் கொள்ளலாம். வாதம் என்றவுடன் வயதானவர்களின் நோய் என்று எண்ணிவிடுகிறோம். இதுவோ பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, பலருக்கு இருபதுகளிலேயே தொடங்குகிறது. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில்தான் முதலில் வலிக்கும். பின்பக்கத்தில் ஒருநாள் இடப்புறம், மற்றொரு நாள் வலப்புறம் என்று மாறி மாறி வலிப்பதும் உண்டு. பின்னிரவில் வலி தூக்கத்தைக் கலைக்கும். விடிந்து எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு மரக்கட்டைபோல் இருக்கும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு எலும்புக்கும் எலும்புக்கும் இடையே புதிய எலும்பு வளர்ந்து, எக்ஸ்ரே படத்தில் முதுகு மூங்கில்போலத் தெரியும்.

வீட்டில் இளைஞன் ஒருவன் காலையில் எழ மறுத்தால் சோம்பேறி என்று ஏசுகிறோம். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப்பட்ட வலி இருந்தால் ஏசுவதை நிறுத்தி, கிளினிக்குக்கு அழைத்துப் போவதே முறை.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாயார் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மூத்த மகனுக்கு இந்த நோய். கோதுமையை அடியோடு நிறுத்தினால் நோய் போய்விடும் என்று பட்டணத்து உறவினர் சொன்னாராம். சிறப்பு மாவும் சிறப்பு ரொட்டியும் வாங்கச் சம்பளத்தில் ஒரு பகுதி போகிறது. “செய்யலாமா, சார்?” என்றார். நாங்கள் பாடம் நடத்துகிறவர்கள், வைத்தியர்கள் அல்லர். ஆயினும் படித்துப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. ரொட்டி சானாய் மாவைக் கிழியாமல் வீசி இழுக்க முடிகிறதே, அந்த இழுவைத் தன்மை இதனால்தான் வருகிறது. சீலியாக் என்றொரு குடல் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் ஆகாது. குடலின் உட்சுவர் கெட்டுவிடும். கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் எடுத்துக் காட்டினார். அந்நோய்க்குக் குளூட்டனை விலக்குவதே மருந்து. இதில் ஐயமில்லை.

அப்படியானால் முதுகு வாதத்துக்கும் அது பொருந்தாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இந்த வாதத்துக்கும் குடலுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடலில் வெளியே தெரியாத அழற்சி காணப்படுகிறது. ஆனால் இரண்டும் ஒரே நோய் அல்ல. முதுகு வாதத்தோடு தொடர்புடைய பரம்பரைக்கூறு எச்.எல்.ஏ. பி27 என்று 1973இல் கண்டறிந்தார்கள். சீலியாக் நோய்க்குரிய பரம்பரைக்கூறுகள் வேறு. பி27 உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்த வாதம் வருவதே இல்லை.

குளூட்டனை நிறுத்தினால் முதுகு வாதம் தணியும் என்று நிலைநாட்டும் தரமான சோதனை இதுவரை இல்லை. குறிப்பிட்ட உணவு எதுவும் வாத நோய்களில் பெரிய பலன் தருவது அரிது என்றே ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. பிறகு சிலர் குணம் கண்டதாகச் சொல்கிறார்களே? இந்த நோய் ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் பத்தியம் தொடங்குவார். தானாக இறங்கும்போது பெயர் பத்தியத்துக்குப் போய்விடும். மேலும் கோதுமையை விட்டவர் பிஸ்கட்டையும் கேக்கையும் எண்ணெய்ப் பண்டங்களையும் சேர்த்தே விட்டிருப்பார். உடல் எடை குறைந்தால் முதுகுக்கும் சுகம்தான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, எடை இழப்பு ஆகியவையும் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். இரத்தம் கலந்து வெளியேறினால் அது வேறு குடல் நோயாகவும் இருக்கக்கூடும்; தாமதம் கூடாது.

சீலியாக் நோய் உறுதியானவர்களும் நம் சமையலில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோறு, இட்லி, தோசை, இடியப்பம், கேழ்வரகுக் கூழ், மரவள்ளிக்கிழங்கு, பருப்பு, மீன் இவற்றில் குளூட்டன் கிடையாது. அரிசியில் செய்த பீகூனும் ஆகும். மஞ்சள் மீ ஆகாது. ரவை, சேமியா, சப்பாத்தி கோதுமை என்பது தெரிந்ததே. தெரியாமல் நுழைபவை வேறு: கிச்சாப், மைலோ, ஹார்லிக்ஸ், ஏன், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. விலை உயர்ந்த வெளிநாட்டுப் பொட்டலத்தைத் தேடி அலைவதைவிட டப்பாவின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பது மலிவு.

முதுகு வாதம் மட்டும் உள்ளவரோ, உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் தயங்கித் தயங்கி உட்கார்ந்து, பாயசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வரத் தேவையில்லை. நோயாளியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அறிய மருத்துவர்கள் 18 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். தூக்கம், களைப்பு, வீட்டுவேலை, மனச்சோர்வு இவற்றையே அது விசாரிக்கிறது. பத்தியத்தால் பயந்து பயந்து உண்பவருக்கு இந்தக் கணக்கில் லாபத்தைவிட நட்டமே அதிகமாகலாம் என்பது எங்கள் கருத்து.

பலன் நிரூபிக்கப்பட்டவை உண்டு. அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் முதலில். அவை போதாதவர்களுக்கு ஊசி மருந்துகள். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காமல், மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் அளவில் அல்ல. அன்றாட உடற்பயிற்சி மருந்துக்குச் சமம். முதுகை நிமிர்த்துதல், மூச்சை ஆழமாக இழுத்து மார்பை விரித்தல், சுவரில் குதிகாலும் தலையும் படும்படி நிற்றல், நீந்துதல் எல்லாம் ஏற்றவை. முதுகு கூன் விழாமலிருக்க மெல்லிய தலையணையே போதும். சிகரெட்டை விடாதவர்களுக்கு முதுகு விரைவாக இறுகுகிறது. கனமான குலை தூக்குகிறவர் மருத்துவரிடம் கடிதம் பெற்று, நிர்வாகத்திடம் வேலை மாற்றம் கேட்கலாம்.

இந்த நோய் உள்ளவருக்குத் திடீரென ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், அதைக் கண்வலி என்று எண்ணித் தாய்ப்பால் விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணுக்குள்ளேயே அழற்சி வந்திருக்கக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.