மணலில் தமிழ் பழகியவர் தொடங்கிய பள்ளி

தரங்கம்பாடி என்றதும் கடலோரத்து டேனிஷ் கோட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் 1707-ஆம் ஆண்டிலேயே பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் லுத்தரன் திருச்சபையார் நடத்திய பள்ளிகளுக்கெல்லாம் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூச்சௌ என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது 23 வயதுதான். தமிழில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது.

பாதிரியாரே மாணவர்!

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் பள்ளிக்கூடம் நடத்தி வந்த முதிய வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளுடன் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் திரட்டிய தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார்!

இப்படிக் கற்றவர் நடத்திய பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடம் நடந்ததில் வியப்பில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துப் படிக்க வைத்தனர். மதத்தைப் பரப்புவதே அவர்களது நோக்கம்; ஞானோபதேசமும் பாடங்களில் ஒன்று. ஆயினும், திண்ணைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே படித்த அக்காலத்தில், சிறுமிகளின் கைக்கும் எழுத்து வந்து சேர்ந்தது.

சிறையும் அச்சுக்கூடமும்

இடையூறுகளும் இல்லாமல் இல்லை. டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளான சீகன்பால்கு, 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சிறை புகுந்து நான்கு மாதங்கள் வாடினார். வெளியே வந்ததும் பணியைத் தொடர்ந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர, தரங்கம்பாடியில் தமிழ் அச்சு வேலை தொடங்கியது. உள்ளூர் ஆசிரியர்களை உருவாக்க 1716-இல் ஒரு பயிற்சிப் பள்ளியும் எழுந்தது. 1719-இல் சீகன்பால்கு காலமானபோது அவருக்கு வயது 36.

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். பள்ளிப் பணி நின்றுவிடவில்லை. லைப்சிக் மிஷன் அதை ஏற்று நடத்தியது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் பேராயராக 1956-இல் பொறுப்பேற்ற முதல் தமிழர் மாணிக்கம். அவர் பெயரில் பக்கத்து ஊரான பொறையாறில் கல்லூரி ஒன்று இருக்கிறது.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நம்மில் பலர், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தர வசதியில்லையே என்று குறைப்படுவதுண்டு. சீகன்பால்குவுக்கு அன்று கிடைத்தவை ஒரு வாத்தியாரும் ஒரு பிடி மணலும்தான். நம் வீடுகளில் வாத்தியார் வேலையைப் பார்க்கத் தாத்தா, பாட்டிமார் இருக்கிறார்களே!