கணினிச் சத்தம்: காதுக்கும் வரம்பு உண்டு, சட்டத்திலும் வரம்பு உண்டு

கணினித் திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் 0 முதல் 100 வரை ஓர் எண் தெரியும். அது டெசிபல் அல்ல. அதே 50-இல் ஒரு ஹெட்போன் மெல்ல ஒலிக்கும், இன்னொன்று காதைத் துளைக்கும். எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

காதுக்கு என்ன ஆபத்து?

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கான வரம்பே 75 டெசிபல். ஆன்லைன் வகுப்பு, கேம், பாட்டு எல்லாம் இந்த ஒரே கணக்கில்தான் சேரும்.

எப்படிக் குறைப்பது?

வீடியோவில் பேச்சு மெதுவாகக் கேட்டால், முதலில் பிளேயரின் ஒலியைப் பாருங்கள். அது பாதியில் நிற்க, கணினி ஒலியை உச்சத்துக்கு ஏற்றினால், அடுத்துத் திறக்கும் செயலி அலறும். விண்டோஸில் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து 'வால்யூம் மிக்சர்' போனால், செயலி வாரியாக ஒலியைக் குறைக்கலாம். ஹெட்போன் மாட்டும் முன் ஒலியை இறக்கிவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லையா? சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

காதில் இரைச்சல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும்.

பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு என்ன வழி?

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. கணினியோடு இணைத்த பெரிய ஸ்பீக்கரும் ஒலிக்கருவிதான். பெருக்கிய சத்தத்தை அடுத்தவர் மீது திணிக்க யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது.

முதலில் நேரில் பேசிப் பாருங்கள். பயனில்லை என்றால் நாள், நேரத்தைக் குறித்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். நள்ளிரவுத் தொல்லைக்கு 112-ஐ அழைக்கலாம். நிம்மதியாகத் தூங்குவது உங்கள் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.