ஆணியில்லாக் கப்பல்

மாத்தளையை அடுத்த அலுவிகாரைக் குகைகளில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. அன்றைய ஏடுகளில் ஒன்றுகூட இன்றில்லை. நம் ஊர் ஈரமும் பூச்சியும் ஓலையை விட்டுவைப்பதில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது விகாரையின் நூலகமும் அழிந்தது. ஆனாலும் நூல் பிழைத்திருக்கிறது. படியெடுப்பதை யாரும் நிறுத்தவில்லை.

அப்படிப்பட்ட நூல்களைக் கடல் கடத்திய கப்பல்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஏடுகள் சேகரித்த சீனத் துறவி பாஹியான், இருநூறுக்கும் மேற்பட்டோர் சென்ற வணிகக் கப்பலில் புறப்பட்டார். புயலில் கப்பலில் நீர் புகுந்தது. பயணிகள் சரக்குகளைக் கடலில் எறிய, தம் ஏடுகளையும் எறிந்துவிடுவார்களோ என்று அவர் பதறினார். அந்தக் கப்பல் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு வரைபடம் கிடையாது.

இந்த இடைவெளியை நிரப்ப இந்தியாவில் ஒரு முயற்சி நடந்தது. அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் உள்ள கப்பலை மாதிரியாகக் கொண்டு, 2023 செப்டம்பரில் கோவாவில் கப்பலின் அடிமரமான ஏராவை வைத்தார்கள். தலைமைத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் கட்டிய கப்பல் 2025 பெப்ரவரியில் நீரில் இறங்கியது. நீளம் 19.6 மீட்டர், இந்தியக் கடற்படை வைத்த பெயர் ‘கௌண்டின்யா’.

இதில் பலகைகளை ஆணி பிணைக்கவில்லை, கயிறு பிணைக்கிறது. பலகைகளின் விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளையிடுகிறார்கள். இரு பலகைகள் சேரும் இடுக்கின்மேல் தேங்காய்த் தும்பைத் திரியாக்கி வைத்து, துளைகளின் வழியே கயிற்றைக் கோத்து இறுக்குகிறார்கள். நீர் கசியாதிருக்கப் பிசினும் மீன் எண்ணெயும் பூசுகிறார்கள். தைத்த உடல் அலையடிக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். சென்னைக் கரையின் மசூலா படகுகள் முரட்டு அலைகளைத் தாக்குப்பிடித்ததும் இந்த நெகிழ்வால்தான்.

ஓவியம் தோற்றத்தைத்தான் காட்டும்; நீருக்கடியில் உள்ள வடிவத்தைக் காட்டாது. அதனால் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை இக்கப்பல் நீரில் இயங்கும் இயல்பைச் சோதித்தது. சதுரப் பாயும் திசைதிருப்பும் துடுப்புகளும் கொண்ட கலத்துக்கு இன்றைய கப்பல்களின் கணக்கு அப்படியே பொருந்தாது. 2025 டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து கிளம்பிய கௌண்டின்யா, 2026 ஜனவரி நடுவில் மஸ்கட்டை அடைந்தது.

இதனால் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பல் இப்படியேதான் இருந்தது என்று நிரூபணமாகிவிடவில்லை. இப்படியொரு கப்பல் கடல் தாண்டும் என்பதே நிரூபணம். ஓமானில் கட்டப்பட்ட ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்ற தையல் கப்பலுக்கு இன்னும் வலுவான ஆதாரம் இருந்தது: இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சிதைவு. ஜுவல் ஆஃப் மஸ்கட் 2010இல் காலி துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது.

இலங்கைக்கும் சொந்தமாக ஒரு தையல் கப்பல் இருந்தது. பக்கமிதவை பொருத்திய யாத்ரா தோணி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றது. இலங்கையின் மரக்கலங்களைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் 1943இலேயே விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஆனால் தும்புத் திரியை எவ்வளவு அழுத்தி, கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பதை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அது தைக்கிறவரின் கைப்பழக்கம். தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு தையல் கப்பலைக் கட்டினால்தான் அந்தப் பழக்கம் இளையவர் கைக்குப் போகும்.