முதல் வாரத்தில் 3 கிலோ குறைந்ததா? கரைந்தது கொழுப்பா, தண்ணீரா?

புதுச்சேரியை அடுத்த மீனவ கிராமமான வீராம்பட்டினத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. `சோற்றை நிறுத்துங்கள், மீன், முட்டை, காய்கறி போதும்' என்று வாட்ஸ்அப்பில் வலம் வரும் பேலியோ, கீட்டோ அறிவுரைகளைப் பின்பற்ற இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. எடையும் குறையத்தான் செய்யும், முதல் வாரத்திலேயே 2, 3 கிலோ. ஆனால், அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் உடலில் குளுக்கோஸாக மாறுகின்றன. உடனடித் தேவை போக ஒரு பகுதி, `கிளைக்கோஜன்' என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. பெரியவர் ஒருவருக்குக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கலாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மாவுச்சத்தைக் குறைத்ததும் இந்த இருப்பு தீரும். 400 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால், கூடவே 1,200 கிராம் தண்ணீரும் போகும். எடை மெஷினில் 1.6 கிலோ குறைந்துவிடும். இன்சுலின் சுரப்பு குறைவதால், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

1976-ல் யாங், வான் இட்டாலி என்ற ஆராய்ச்சியாளர்கள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரு வகை உணவுகளைத் தலா 10 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் தினம் 800 கலோரிதான். கீட்டோ உணவில் தினமும் 467 கிராம் எடை குறைந்தது. மாவுச்சத்து கலந்த சாதாரண உணவில் 278 கிராம்தான். ஆனால், கரைந்த கொழுப்பு? முதலாவதில் தினமும் சுமார் 163 கிராம், இரண்டாவதில் சுமார் 165 கிராம். கூடுதலாகக் குறைந்ததெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான்!

மாத்திரை சாப்பிடுபவர்களே, உஷார்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, புதுச்சேரியில் 26.3% பெரியவர்களுக்குச் சர்க்கரைநோய் உள்ளது. நான்கில் ஒருவர்! டாக்டரிடம் கேட்காமல் இவர்கள் சோற்றை நிறுத்துவது ஆபத்து.

* இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.
* பி.பி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.
* டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் அமிலம் கூடும் `கீட்டோஅசிடோசிஸ்' வரலாம். சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இது வரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த டயட்டைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

கொழுப்பு குறைவதை எப்படி அறிவது?

* தினமும் எடை பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். முதல் வாரக் கணக்கை விட்டுவிட்டு, அடுத்த நான்கு வாரங்களை ஒப்பிடுங்கள்.
* இன்ச் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ-க்குள் இருப்பது நல்லது.
* ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ அளவுக்குத்தான் கரையும். அதுவே நல்ல வேகம்.

இரண்டாவது வாரம் எடை நின்றுவிட்டால், `டயட் தோற்றுவிட்டது' என்று பலர் கைவிடுகிறார்கள். உண்மையில், தண்ணீர்க் கணக்கு முடிந்து கொழுப்புக் கணக்கு தெரியத் தொடங்குவதே அப்போதுதான்.

அதேபோல, ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவுக்கு வீட்டில் விருந்து சாப்பிட்டு, மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறினாலும் பதற வேண்டாம். ஒரே நாள் விருந்தில் அவ்வளவு கொழுப்பு சேராது. திரும்பி வந்தது பெரும்பாலும் தண்ணீர்தான். மறுநாளே வழக்கமான அளவுச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும்.