திறன்மிகு ஒப்பந்தங்களும் உரிமையியல் சட்டமும்: தானியங்கு நிறைவேற்றமும் மீட்டளிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பிளாக்செயினில் இயங்கும் திறன்மிகு ஒப்பந்தங்களை உரிமையியல் சட்டத்தொகுப்பு மரபு எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இத்தாலி, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் விதிகளும் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பும் இங்கு ஆராயப்படுகின்றன. ஒப்பந்தம் உருவாவதைவிட, நிரல் நிறைவேற்றிவிட்டதை மீட்பதே சட்டத்தின் முதன்மைச் சிக்கல் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பிளாக்செயின், திறன்மிகு ஒப்பந்தம், இசைவு, நிறைவேற்றம், மீட்டளிப்பு

முன்னுரை

திறன்மிகு ஒப்பந்தம் என்னும் கருத்தை 1990களில் நிக் சாபோ முன்வைத்தார். 2015இல் தொடங்கப்பட்ட எத்தீரியம் வலையமைப்பு அதனைப் பரவலான நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறித்த நிபந்தனை நிறைவேறியவுடன், எவருடைய தலையீடுமின்றிக் குறித்த செயலைச் செய்யும் கணினி நிரலே இது. பிரான்சின் ஆக்சா நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய ஃபிஸி என்னும் காப்பீடு இதற்கு நல்ல சான்று. விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணி விண்ணப்பிக்காமலேயே இழப்பீடு முடிவாகும் வகையில் அது அமைந்தது.

ஒப்பந்தமும் நிறைவேற்றமும்

பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1128ஆம் உறுப்பு, ஒப்பந்தம் செல்லுபடியாக மூன்றினை வேண்டுகிறது: தரப்பினரின் இசைவு, ஒப்பந்தம் செய்யும் தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட உறுதியான உள்ளடக்கம். நிபந்தனை நிறைவேறியதா என்பதை மட்டுமே நிரல் சோதிக்கிறது. இசைவு வஞ்சகத்தால் பெறப்பட்டதா, தரப்பினர் உரிய வயதினரா என்பவற்றை அது அறியாது. எனவே, நிரல் பிழையின்றி இயங்கினாலும் அதன் அடிப்படையான ஒப்பந்தம் செல்லாததாக இருக்கக்கூடும்.

மூவகை அணுகுமுறைகள்

இத்தாலியின் 2019ஆம் ஆண்டு 12ஆம் எண் சட்டம் ஒப்பந்தத்தின் வடிவத்தை முன்னிறுத்துகிறது. அரசின் எண்ணிம முகமை வகுக்கும் முறைப்படி தரப்பினர் அடையாளம் காணப்பட்டால், திறன்மிகு ஒப்பந்தம் எழுத்து வடிவத் தேவையை நிறைவுசெய்யும். எனினும், நிரலின் இயக்கமே தரப்பினரைப் பிணைப்பதாக அச்சட்டம் வரையறுப்பது, இசைவே பிணைப்பின் மூலம் என்னும் மரபுக்கு முரணாகத் தோன்றுகிறது.

ரஷ்யா அச்சொல்லையே தவிர்த்தது. 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள 309ஆம் உறுப்பின் திருத்தம், கடப்பாட்டைத் தகவல் தொழில்நுட்பத்தின்வழி, தனியான மேல்விருப்ப அறிவிப்பின்றி நிறைவேற்றத் தரப்பினர் உடன்படலாம் என்கிறது. திறன்மிகு ஒப்பந்தத்தை நிறைவேற்ற முறையாகவே காணும் இவ்வணுகுமுறை கோட்பாட்டளவில் தெளிவானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/2854ஆம் எண் தரவு ஒழுங்குமுறை, தன் 36ஆம் உறுப்பில், இயக்கத்தைப் பாதுகாப்பாக நிறுத்தும் வசதியைக் கட்டாயமாக்கியது. ஆயினும், அவ்விதி தரவுப் பகிர்வு உடன்பாடுகளுக்கு மட்டுமே உரியது.

மீட்டளிப்புச் சிக்கல்

1178ஆம் உறுப்பின்படி, செல்லாததாக்கப்பட்ட ஒப்பந்தம் ஒருபோதும் இருந்ததில்லை எனக் கருதப்படும். பெற்றவை திருப்பியளிக்கப்பட வேண்டும். தவறான விமானத் தரவால் இழப்பீடு சென்றுவிட்டால், உரிமையின்றிப் பெற்றதைத் திருப்பித்தர 1302ஆம் உறுப்பு கடமை விதிக்கிறது. பேரேட்டில் பதிந்ததை அழிக்க இயலாமை இக்கடமையை நீக்காது. எதிர்ப்பரிவர்த்தனை வாயிலாக அதை நிறைவேற்றலாம். பெற்றவர் யாரென்றே தெரியாதபோதுதான் சட்டம் கையறு நிலையை அடைகிறது.

2016 ஜூனில் 'தி டாவ்' நிதியமைப்பின் நிரற்குறையைப் பயன்படுத்தி ஏறத்தாழ 36 இலட்சம் ஈத்தர் திசைதிருப்பப்பட்டது. ஜூலையில் வலையமைப்பினரே பேரேட்டைக் கிளைபிரித்து அதனை மீட்டனர். உடன்படாதோர் பழைய கிளையை எத்தீரியம் கிளாசிக் எனத் தொடர்ந்தனர். மாற்ற இயலாதது எனப்பட்ட பேரேடு மாற்றப்பட்டது. ஆனால், அம்முடிவை எடுத்தது நீதிமன்றம் அன்று.

முடிவுரை

திறன்மிகு ஒப்பந்தத்துக்கெனப் புதிய ஒப்பந்தக் கோட்பாடு தேவையில்லை. இசைவு, செல்லாமை, மீட்டளிப்பு ஆகிய பழைய கோட்பாடுகளே போதும். அவை செயற்படத் தரப்பினரை அடையாளம் காணும் வழியும், நிரலை நிறுத்தும் வழியும் வேண்டும். இத்தாலி முன்னதையும் ஐரோப்பிய ஒன்றியம் பின்னதையும் தனித்தனியே வகுத்துள்ளன. இரண்டையும் இணைக்காத சட்டத்தில், மீட்டளிப்பு உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.